அரண்மனை வாயிலும் பள்ளி வாயிலும்

(மண்ணரையில் நடைபெற்ற வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்க நாட்டு நற்செய்தித் தலைவர்களின் அரசியல் செல்வாக்கும் அவர்கள் விட்டுச் சென்றவையும் என்பது எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள். இதனைக் கேள்வியுற்ற என் பக்கத்து வீட்டுப் பெரியவர், "மண்ணரைக்கும் அமெரிக்காவுக்கும் பனியன் ஏற்றுமதியை விட்டால் வேறென்ன உறவுங்க தம்பி?" என்று கேட்டார். நியாயமான வினாதான். அந்த வினாவுக்கு விடை சொல்வதே இவ்வுரையின் நோக்கம். உறவு இருக்கிறது. அது நம் வீட்டுப் பெட்டிகளில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் சாதிச் சான்றிதழ் வரையில் வந்து நிற்கிறது.

நற்செய்தித் தலைவர்கள் என்று நான் குறிப்பது யாரை? வேதாகமத்தை வாழ்வின் இறுதி அதிகாரமாகக் கொண்டு, ஒவ்வொரு மனிதனும் மனந்திரும்பிப் புதிதாய்ப் பிறக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று உரைத்த புராட்டஸ்டண்டுப் பிரிவினரைக் குறிக்கிறேன். இவர்கள் ஒரே குரலில் பேசியவர்கள் அல்லர். 19-ஆம் நூற்றாண்டின் அமெரிக்காவில் சார்லஸ் ஃபின்னி என்னும் பெரும் போதகர் அடிமை முறை பாவம் என்று முழங்கினார். அவர் 1835-இல் பேராசிரியராகச் சேர்ந்த ஓபர்லின் கல்லூரி, அதே ஆண்டில் கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொள்வதென முடிவு செய்தது. பத்தே ஆண்டுகள் கழித்து, 1845-இல், அடிமைகளை வைத்திருப்போரும் ஊழியர் ஆகலாம் என்று வாதிட்டவர்கள் தனியே பிரிந்து தென்னக பாப்திஸ்து மாநாட்டை நிறுவினார்கள். அந்த மாநாடு தன் தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க 1995 வரை, அதாவது 150 ஆண்டுகள் ஆயின. புத்தகம் ஒன்றே, அதைக் கையில் ஏந்தியவர்கள் நின்ற பக்கம் வேறு வேறு. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம்.

மதுரையில் ஒரு பந்தி

அமெரிக்க மிஷன் 1816-இல் யாழ்ப்பாணத்திலும் 1834-இல் மதுரையிலும் பணி தொடங்கியது. மதுரையில் அவர்கள் எதிர்கொண்ட முதற் பெருஞ்சிக்கல், சபைக்குள்ளேயே புகுந்துவிட்ட சாதி. ஞானஸ்நானம் பெற்ற பின்னும் உயர்ந்த சாதியார் எனப்பட்டோர் நம்மவரோடு உண்ண மறுத்தனர். 1847-இல் மதுரை மிஷன் ஒரு சோதனை வைத்தது. சாதியை விட்டவர் என்று சொல்லிக்கொள்ளும் ஊழியர் அனைவரும் எல்லாருடனும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும் என்பதே அச்சோதனை. பலர் மறுத்தனர், மறுத்தவர்களை மிஷன் விலக்கியது. உபதேசியார்களை இழந்தாலும் பந்தியை இரண்டாக்க மாட்டோம் என்று நின்ற அந்நிலைக்கு நாம் மரியாதை செலுத்தத்தான் வேண்டும்.

ஆனால் அதே மிஷன் அடுத்த பத்தாண்டுக்குள் வேறொரு காரியமும் செய்தது. பாஸ்டன் நகரிலிருந்த தலைமைச் சங்கத்தின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் என்பார். அவர் 1855-இல் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் வந்து பணிகளைப் பார்வையிட்டார். மிஷனின் வேலை நற்செய்தி உரைப்பதேயன்றி ஆங்கிலக் கல்வி தருவதன்று. தாய்மொழிப் போதனை போதும் என்பது அவர் கொள்கை. அதன் விளைவாக, 1823 முதல் புகழோடு விளங்கிய யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரி அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. மதுரைப் பகுதியின் ஆங்கிலப் பள்ளிகளும் அக்கொள்கையால் ஒடுங்கின.

தாய்மொழியில் கற்பிப்பது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நல்லதுதான். ஆனால் அந்நாளில் அரசு வேலைக்கும் வழக்குமன்றத்துக்கும் வாயில் ஆங்கிலம். வசதியுள்ளவன் தன் பிள்ளைக்கு வேறு பள்ளி தேடிக்கொண்டான். மிஷன் பள்ளியை விட்டால் வேறு வாயில் இல்லாதவன் என்ன செய்வான்? கடல் கடந்த ஓர் அலுவலகத்தில் இருந்த தலைவர், படிக்க வேண்டிய பிள்ளையின் தகப்பனைக் கேளாமலே முடிவெடுத்தார். பிற்காலத்தில் அக்கொள்கை தளர்ந்தது. 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. 1881-இல் பசுமலையில் தொடங்கியதே இன்றைய மதுரை அமெரிக்கன் கல்லூரி. இடையில் இழந்த ஆண்டுகளை எவராலும் திருப்பித் தர இயலவில்லை.

ஒங்கோலில் ஒரு பெரியா

அடுத்து, வடக்கே ஆந்திர நாட்டின் ஒங்கோலுக்குச் செல்வோம். நம் கொங்கு நாட்டு அருந்ததியர் வீடுகளில் தெலுங்கு பேசும் மூத்தோர் இன்றும் உண்டு. ஆகவே அவ்வூர்க் கதை நமக்கு அயலார் கதை அன்று. அங்கே பணிசெய்த ஜான் க்ளவ் என்னும் அமெரிக்க பாப்திஸ்துப் போதகரை வரலாறு பெரிதாகப் பேசுகிறது. 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பெரும்பஞ்சத்தில் அவர் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்து, பட்டினியால் வாடிய மாதிகர்களுக்குக் கூலி வேலை தந்தார். சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்ற பழி வரக்கூடாது என்று, பஞ்சகாலத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதையே நிறுத்தி வைத்தார். பஞ்சம் தணிந்த பின், 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர்.

ஆனால் அவ்வியக்கத்தின் வேர் க்ளவ் அல்லர். யெர்ரகுண்ட்ல பெரியா என்னும் மாதிகர், தோல் வணிகம் செய்தவர், தாமே தேடிச் சென்று புதிய நெறியைக் கற்று, ஊர் ஊராக நடந்து தம் மக்களிடம் பேசினார். அவர் நடந்த தடத்தில்தான் க்ளவ் பின்னர் சென்றார். பெருந்தலைவர்களின் வரலாற்றை நீங்கள் படிக்கும்போதெல்லாம், அதற்குள் ஒரு பெரியாவின் பெயர் மறைந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நம் முன்னோர் யாராலோ ஓட்டிச் செல்லப்பட்ட மந்தை அல்லர். மானம் தேடித் தாமே புறப்பட்டவர்கள்.

நம்மைப் பற்றி இருவர் பேசினர்

இனி 1935-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு அக்டோபர் 13 அன்று இயோலா மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், தாம் இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று அறிவித்தார். நாடே அதிர்ந்தது. எல்லா மதத்தலைவர்களின் கண்களும் நம்மீது விழுந்தன.

அக்காலத்து அமெரிக்க நற்செய்தித் தலைவர்களில் உலகப் புகழ் பெற்றவர் ஜான் மாட். கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தை உலகெங்கும் பரப்பியவர். குடியரசுத் தலைவர் வில்சன் சீன நாட்டுத் தூதுவர் பதவியை அளிக்க முன்வந்த அளவுக்கு அரசியல் செல்வாக்கு மிக்கவர். 1946-இல் அமைதிக்கான நோபல் பரிசும் பெற்றவர். அவர் 1936 நவம்பரில் காந்தியடிகளைச் சந்தித்தார். தீண்டப்படாதோரிடம் நற்செய்தி உரைப்பது குறித்தே பேச்சு நடந்தது. அப்போது காந்தியடிகள், பசுவினிடம் போய் நற்செய்தி உரைப்பீர்களா என்று கேட்டு, தீண்டப்படாதோரில் சிலர் புரிந்துகொள்ளும் ஆற்றலில் பசுவினும் தாழ்ந்தவர்கள் என்ற கருத்துப்படப் பேசினார். அவ்வுரையாடல் அவருடைய ஹரிஜன் இதழிலேயே வெளிவந்தது. கண்டனம் எழுந்தபோது, தாம் இழிவாகச் சொல்லவில்லை என்று விளக்கமும் தந்தார்.

தம்பி தங்கையரே, இக்காட்சியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இருவரும் உலகம் போற்றிய பெரியோர். ஒருவர் நம்மை மீட்க வந்ததாக எண்ணினார். மற்றவர் நம்மைக் காத்து நிற்பதாக எண்ணினார். அவ்வுரையாடலில் எந்தப் பக்கமும் பேச நம்மவர் ஒருவரும் இல்லை. எந்த மக்களின் ஆன்மா பற்றி வழக்காடினார்களோ, அந்த மக்கள் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர். வழக்குப் பொருளாக மட்டுமே இருந்தனர்.

இரண்டாண்டு கழித்து, 1938 டிசம்பரில், நம் சென்னைக்கு அருகிலுள்ள தாம்பரத்தில், கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அதற்கும் தலைமை தாங்கியவர் ஜான் மாட் அவர்களே. பல நாடுகளிலிருந்தும் பேராளர்கள் வந்தனர். ஆயினும் அம்பேத்கர் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. மதம் மாறிய நம் மக்கள் சபைக்குள்ளும் சாதியைச் சுமப்பதையும், அவர்களின் உரிமைக்காகச் சபை அரசியற் களத்தில் போராடாமல் இருப்பதையும் அவர் கூர்மையாகக் குறை கூறி எழுதினார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அவர் பௌத்தம் தழுவியதை நீங்கள் அறிவீர்கள்.

மேடையும் அரசும்

அந்த 1956-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மற்றோர் அமெரிக்கர் சென்னைக்கும் பாளையங்கோட்டைக்கும் வந்து பெருங்கூட்டங்களில் பேசினார். தில்லியில் பிரதமர் நேருவையும் சந்தித்தார். அவரே பில்லி கிரகாம். இவரைப்போல அமெரிக்கக் குடியரசுத் தலைவர்கள் பலருக்கு ஒருசேர நெருக்கமாக இருந்த போதகர் வேறொருவர் இல்லை. 2018-இல் தம் 99-ஆம் வயதில் அவர் மறைந்தபோது, அவருடைய உடல் அந்நாட்டு நாடாளுமன்றக் கட்டடத்தின் நடுமண்டபத்தில் மரியாதைக்கு வைக்கப்பட்டது.

அவரிடம் நற்செயல் இருந்தது. 1953-இல் சட்டனூகா நகரக் கூட்டத்தில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்துக் கட்டியிருந்த கயிற்றைத் தம் கையாலேயே அவிழ்த்தார். 1957-இல் நியூயார்க் கூட்டத்தில் மார்ட்டின் லூதர் கிங்கை மேடைக்கு அழைத்து வேண்டுதல் செய்யச் சொன்னார். ஆனால் 1963-இல் பர்மிங்காம் நகரில் கிங் சிறை புகுந்து போராடியபோது, சற்று நிதானிக்குமாறு அவருக்கு அறிவுரை கூறினார். கயிற்றை அவிழ்த்த கை, போராட்டத்தின் வேகத்துக்குக் கடிவாளம் இடவும் முயன்றது. பின்னர் நிக்சன் என்னும் குடியரசுத் தலைவரோடு நெருங்கிப் பழகி, அந்த ஆட்சி ஊழலால் வீழ்ந்தபோது தாமும் மனம் நொந்தார். முதுமையில், 2011-இல், அரசியலிலிருந்து விலகி நின்றிருக்க வேண்டும் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒரு பெரியவர் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்துச் சொன்ன சொல் ஆதலால் அதற்கு மதிப்பு அதிகம்.

கிங் அவர்களும் பாப்திஸ்துப் போதகரே. காந்தியடிகளின் அறப்போர் முறையில் அவர் உறுதி கொள்வதற்குத் துணைநின்ற நூல்களில் ஒன்று, இந்தியாவில் நெடுங்காலம் பணிசெய்த ஸ்டான்லி ஜோன்ஸ் என்னும் அமெரிக்க மெதடிஸ்து மிஷனரி 1948-இல் எழுதியது. 1959-இல் கிங் இந்தியா வந்து ஒரு மாத காலம் சுற்றினார். திருவனந்தபுரத்தில், நம் குழந்தைகள் பயின்ற ஒரு பள்ளியில், தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் அவர் மனம் துணுக்குற்றதாம். பின்பு தம் நாட்டில் வறுமையிலும் ஒதுக்கத்திலும் வாடும் தம் மக்களை எண்ணிப் பார்த்து, ஆம், நான் தீண்டப்படாதவனே என்று தமக்குள் ஏற்றுக்கொண்டார். இதை 1965-இல் தம் சபையாரிடம் அவரே எடுத்துரைத்தார். அரசர்களைச் சந்தித்தவர்கள் பலர் உண்டு. நம் குழந்தைகளின் முன் நின்று, நான் உங்களில் ஒருவன் என்று உணர்ந்தவர் அவர்.

அதே 1965-இல் ஜெரி ஃபால்வெல் என்னும் வெர்ஜினியா மாநிலப் போதகர், போதகர்களுக்கு அரசியலில் என்ன வேலை என்று கிங்கைப் போன்றோரைக் கடிந்து பேசினார். வெள்ளை, கறுப்புப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்ற 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பை நடைமுறைப்படுத்தப் போராட்டம் நடந்த காலம் அது. 1967-இல் ஃபால்வெல் தனியார் பள்ளி ஒன்றைத் திறந்தார். அதை வெள்ளைப் பிள்ளைகளுக்கான பள்ளி என்றே உள்ளூர்ச் செய்தித்தாள் எழுதியது. 1979-இல் அதே ஃபால்வெல், ஒழுக்கப் பெரும்பான்மை என்னும் பொருள்படும் பெயரில் அமைப்பு நிறுவி, 1980 தேர்தலில் ரீகனின் வெற்றிக்கு உழைத்தார். அரசியல் ஆகாது என்ற தம் பழைய பேச்சையும் தவறென்று விலக்கினார். அவர் போட்ட பாதை நீண்டது. 2016 தேர்தலில் வெள்ளை நற்செய்திக் கிறித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் டிரம்புக்கு வாக்களித்தனர் என்று வாக்குச்சாவடிக் கணிப்புகள் கூறின. அதே வேதாகமத்தை ஓதும் கறுப்பினக் கிறித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எதிர்ப்பக்கம் வாக்களித்தனர்.

எஞ்சியது எது?

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. அரண்மனை வாயிலில் கிடைத்த செல்வாக்கு அந்தத் தலைவரோடும் அந்த ஆட்சியோடும் போயிற்று. ஃபால்வெல்லின் அமைப்பு 1989-இல் கலைக்கப்பட்டது. ஆனால் ஐடா ஸ்கடர் என்னும் அம்மையார் 1900-இல் வேலூரில் சிறிய அளவில் தொடங்கிய மருத்துவப் பணி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, இன்று உலகறிந்த மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. ஆகவே ஒரு தலைவரை அளக்க மூன்று வினாக்களை உங்களிடம் தருகிறேன். அவர் யாரோடு உண்டார்? யாருடைய பிள்ளையைத் தம் பள்ளியில் உட்கார வைத்தார்? நம்மைப் பற்றி முடிவு செய்யும்போது நம்மைக் கேட்டாரா? வெளிநாட்டுப் போதகரை மட்டுமல்ல, வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வரும் எவரையும், எந்த மதத்தாரையும் இவ்வினாக்களால் அளந்து பாருங்கள். நம் சங்கத்தையும் அளக்கத்தான் வேண்டும்.

இங்கே நான் என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். என் தகப்பனாரும் பெரியப்பாவும் ஒரே சுவரின் இரு பக்கமும் குடியிருந்தவர்கள். பெரியப்பா ஞானஸ்நானம் பெற்றார். என் தகப்பனார் பெறவில்லை. இரு வீட்டுக்கும் கிணறு ஒன்று, வசவு ஒன்று, தேநீர்க் கடையில் தனிக் குவளையும் ஒன்று. 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியார் இந்துவாக இருக்க வேண்டும் என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது. கிறித்தவருக்குத் திருத்தப்படவில்லை. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது; 2022-இல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் தீர்மானம் இயற்றியது. நான் பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் பணி பெற்றேன். என்னைவிட நன்றாகப் படித்த பெரியப்பா மகள், என் அக்கா, பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழோடு போட்டியிட்டுத் தோற்றுத் திரும்பினார். கடைசியில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனார். "உனக்குக் கெடச்சதே போதும் கண்ணு" என்று சொன்னவர், அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லின் பாரம் இன்னும் என் தோளில் இருக்கிறது.

பெரியோர்களே, நம் சங்கத்தின் உதவித்தொகை விண்ணப்பத்தை நேற்று வாங்கிப் பார்த்தேன். பட்டியல் சாதிச் சான்றிதழின் நகலை இணைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. தீய எண்ணத்தோடு எழுதிய வரி அன்று. அரசுப் படிவத்தைப் பார்த்து எழுதியதாக இருக்கலாம். ஆனால் கல்வி உதவித்தொகை போன்ற சில திட்டங்களில் தமிழக அரசே கிறித்தவர்களாக மாறிய ஆதிதிராவிடருக்கும் இடம் தந்திருக்கிறது. அரசு திறந்து வைத்த கதவை நம் சங்கம் சாத்தலாமா? மேல்தட்டில் இருந்தவர்கள் நம்மைக் கேளாமல் இட்ட கோட்டை, நாமே நம் தெருவின் நடுவே மறுபடியும் இழுக்கலாமா? வெள்ளி விழா நினைவாக அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். எந்த வழிபாட்டைச் சேர்ந்ததாயினும் நம் தெருப் பிள்ளை என்றால் போதும் என்று எழுதுங்கள்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பு விடுமுறையில் கைமடிக்கவும் பிசிர் வெட்டவும் போகும் பிள்ளை, வாரச் சம்பளத்தைக் கையில் வாங்கியபின் ஜூன் மாதம் பள்ளிக்குத் திரும்பாமல் போவதை ஆண்டுதோறும் காண்கிறோம். அந்தப் பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு அமெரிக்காவிலிருந்து எவரும் வரப்போவதில்லை; தில்லியிலிருந்தும் வரப்போவதில்லை. பெரியாவைப்போல நீங்கள்தாம் நடக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பிள்ளை என்று பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.

இச்சங்கம் பொன்விழாக் காணும் நாளில், எத்தனை தலைவர்கள் நம் மேடைக்கு வந்தார்கள் என்ற கணக்கை மலரில் அச்சிட வேண்டாம். எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள் என்ற கணக்கை அச்சிடுங்கள்.